மாமியார் கொடி, மருமகள் வேர்

மொன்பெலியே நகரத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் வெகு காலமாகச் சண்டை சச்சரவு இல்லாமல் ஒன்றாக இருந்து வருகிறார்கள். கிழவி தளர்ந்துபோய்ச் சாய்கிறாள். இளம்பெண் அவளைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். இருவரும் சிலைகள் என்பதால்தான் இந்த ஒற்றுமை என்று குறும்புக்கார வாசகிகள் சொல்லக்கூடும். சொல்லட்டும். பிரான்ஸ் தேசத்தின் தென்கோடியில் நான் பார்த்தவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்தச் சிலைதான்.

உண்மையில் அவர்கள் மாமியாரும் அல்ல, மருமகளும் அல்ல. கிழவி, பிரெஞ்சு நாட்டுத் திராட்சைக் கொடி. இளம்பெண், அமெரிக்க நாட்டுத் திராட்சைக் கொடி. சாகக் கிடந்த கிழவியை அக்கரைச் சீமையிலிருந்து வந்த பெண் காப்பாற்றினாள் என்பது கதை. அங்குள்ள விவசாயக் கல்லூரித் தோட்டத்தில், அந்தக் கல்லூரியின் தலைவராக இருந்த குஸ்தாவ் பொயெக்ஸ் என்பவரின் ஞாபகார்த்தமாக வைத்திருக்கிறார்கள்.

மாமியார், மருமகள் என்று பெயர் சூட்டியது நானல்ல; எனக்குத் துணைவந்த புதுச்சேரி அம்மாள். கலியாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஊரிலேயே வாழ்கிறவர். பிரெஞ்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழோ, அவர் கப்பலேறிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

"பேரும் புகழும் மேலே இருக்கிற மாமியாருக்கு, தம்பி. மண்ணுக்குள்ளே கிடந்து பாடுபடறவள் மருமகள். வீடு செழிக்கிறதும் செழிக்காததும் அவள் கையிலேதான் இருக்கு" என்றார். இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விஷயத்தைச் சொல்லவில்லை.

பாரிஸிலிருந்து வேகமான ரயிலில் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் மொன்பெலியே வந்துவிடுகிறது. வடக்கே பச்சைப் பசேலென்றிருந்த பூமி, தெற்கே வர வர வெளுத்துக் கொண்டே வருகிறது. சுண்ணாம்புக் குன்றுகள், ஆலிவ் மரங்கள், பிறகு திராட்சை, திராட்சை, திராட்சைதான். லாங்குதோக் என்று பெயர் பெற்ற இந்தச் சீமையில் வெயில் நம்மூர் வெயிலுக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல. ரயிலடியை விட்டு வெளியே வந்ததும் எதிரே ஒரு சின்னப் பூங்கா. நம் ஊர்களில் தெருக்கோடியில் பிள்ளையார் இருப்பதுபோல் அங்கே பிளான்ஷோன் என்ற புரொபஸர் கொலுவிருக்கிறார். கீழே ஒரு குடியானவன் அவருக்குத் திராட்சைக் குலை ஒன்றை உயர்த்திக் காட்டுகிறான். ஒரு தாவர சாஸ்திரிக்குக் குடியானவன் நன்றி சொல்லும் சிலையை வேறு எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை.

ஊரைப் பற்றி நிறையச் சொல்லலாம். 1593-ஆம் வருஷம் ஏற்படுத்திய மூலிகைத் தோட்டம் இருக்கிறது. பழைய வைத்தியக் கல்லூரி இருக்கிறது. பேரூ என்ற மேட்டில் நின்றால், காற்று சுத்தமாயிருக்கும் நாளில் கடல் தெரிகிறது. ஆனால் நான் போனது திராட்சை வேரைப் பார்க்க. ஆகவே அந்தக் கதைக்கே வருகிறேன்.

1863-ஐ ஒட்டி ரோன் நதிக்கரையில் திராட்சைத் தோட்டங்கள் காரணம் தெரியாமல் பட்டுப்போக ஆரம்பித்தன. இலை மஞ்சளாகும், அடுத்த வருஷம் கொடி சுருங்கும், மூன்றாம் வருஷம் விறகு. திருஷ்டி என்றார்கள், தெய்வக் குற்றம் என்றார்கள், மண் களைத்துவிட்டது என்றார்கள். 1868 ஜூலை 15-ஆம் தேதி மொன்பெலியேயிலிருந்து மூன்று பேர் பார்க்கப் போனார்கள். ஒருவர் பிளான்ஷோன், மற்ற இருவர் காஸ்தோன் பஸீய், பெலிக்ஸ் சயூ. செத்த கொடிகளைத் தோண்டிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு, பக்கத்தில் நன்றாக இருந்த ஒரு கொடியைத் தோண்டினார்கள். வேரில் மஞ்சள் பொடி தூவினாற்போல் இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், பொடி நகர்ந்தது!

நம் வீட்டு அவரைக் கொடியில் அப்பிக் கொள்ளும் அசுவினிப் பூச்சி இருக்கிறதல்லவா, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை அது. பிலாக்ஸரா என்று பெயர். கடுகைவிடச் சிறிசு. வேரைக் குத்திச் சாற்றை உறிஞ்சும். குத்திய இடம் வீங்கி, அழுகி, வேரே போய்விடும். கொடி செத்ததும் பூச்சி அடுத்த கொடிக்குக் குடிபோய்விடும். செத்த கொடியில் திருடன் அகப்படாததற்குக் காரணம் அதுதான். அமெரிக்காவிலிருந்து ஆசையாக வரவழைத்த திராட்சைச் செடிகளோடு கூடக் கப்பலேறி வந்தது இந்தப் பூச்சி.

வந்த நாசம் கொஞ்சநஞ்சமல்ல. 1875-இல் பிரான்ஸ் எட்டுக் கோடியே நாற்பத்தைந்து லட்சம் ஹெக்டோலிட்டர் ஒயின் உற்பத்தி செய்தது. 1889-இல் அது இரண்டு கோடியே முப்பத்து நாலு லட்சமாகக் குன்றிவிட்டது. ஒரு ஹெக்டோலிட்டர் என்றால் நூறு லிட்டர். (மதுவிலக்கில் நம்பிக்கை உள்ள குடும்பத்தில் பிறந்த நான் இப்படி ஒயினுக்காக வருத்தப்படுவதை என் தாயார் படிக்காமலிருக்க வேண்டும்!) கந்தக வாடை வீசும் கார்பன் டை சல்பைடைப் பூமிக்குள் செலுத்திப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் தோட்டத்தைத் தண்ணீரில் முழுக அடித்துப் பார்த்தார்கள். அரசாங்கம் மூன்று லட்சம் பிராங்க் பரிசு அறிவித்தது. கடைசி வரை அந்தப் பரிசை யாருக்கும் கொடுக்கவேயில்லை. லலிமான் என்பவர் தமக்குத்தான் சேர வேண்டும் என்று கேட்டபோது, "நீர் வியாதி வராமல் தடுக்கத்தான் வழி சொன்னீர், வந்ததைக் குணப்படுத்தவில்லை" என்று கையை விரித்து விட்டார்கள். சர்க்கார் எங்கேயும் சர்க்கார்தான்.

அந்த வழி இதுதான். பூச்சி பிறந்த அமெரிக்காவில் காட்டுத் திராட்சைகள் அந்தப் பூச்சியோடேயே யுகயுகமாக வாழ்ந்து வருகின்றன. பூச்சி குத்தினால், குத்திய இடத்தைச் சுற்றித் தக்கை போன்ற ஒரு சுவரை எழுப்பிக் கொள்கின்றன. ஆனால் அவற்றின் பழத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிடிக்காத ஒரு வாடை. பிரெஞ்சுக் கொடியின் பழமோ அமிர்தம், வேரோ நோஞ்சான். அமெரிக்க வேரின்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினால் என்ன? பிளான்ஷோன் 1873-இல் அமெரிக்காவுக்கே பிரயாணம் செய்து அங்குள்ள கொடிகளைப் பார்த்து வந்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது. "எங்கள் திராட்சையின் குலத்தைக் கெடுக்கிறாயா?" என்று சண்டைக்கு வந்தவர்கள் அநேகம்.

குலம் கெடாது. மொட்டை மாடியில் தொட்டி வைத்து ரோஜா வளர்க்கும் சகோதரிகளுக்கு இது தெரியும். நாம் வாங்கும் ஒட்டு ரோஜாவில் வேர் காட்டு ரோஜாவுடையது. பூ நாம் விரும்பிய ஜாதியுடையது. ஒட்டுக்குக் கீழேயிருந்து ஒரு கிளை கிளம்பிவிட்டால் அதில் காட்டுப் பூதான் பூக்கும். உடனே நறுக்கிவிட வேண்டும். ஒட்டு மாவிலும் இதே கதைதான். மேலே இருப்பது மேலே உள்ள ஜாதியாகவே இருக்கும், கீழே இருப்பது கீழே உள்ள ஜாதியாகவே இருக்கும். இரண்டின் ரத்தமும் கலப்பதில்லை. ஆனால் சாப்பாடும் சேதியும் கலக்கின்றன. அதில்தான் வேடிக்கையே இருக்கிறது.

முதலில் வந்த அமெரிக்க வேர்கள் எல்லா மண்ணிலும் சுகப்படவில்லை. கோன்யாக் போன்ற சுண்ணாம்புப் பூமியில் கொடிகள் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் மஞ்சள் பூத்துச் சோர்ந்துவிட்டன. 1887-இல் மொன்பெலியே கல்லூரியிலிருந்து பியேர் வியாலா என்பவரைச் சுண்ணாம்பைத் தாங்கும் கொடி தேட அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். டெக்ஸஸ் மாகாணத்தில் டெனிஸன் என்ற ஊரில் டி. வி. மன்சன் என்ற திராட்சைப் பைத்தியம் ஒருவர் இருந்தார். அவர் உதவியுடன், அங்கே சுண்ணாம்புக் குன்றுகளில் கவலையில்லாமல் படர்ந்து கிடந்த பெர்லாந்தியேரி என்ற காட்டுத் திராட்சை கவனத்துக்கு வந்தது. அதன் குச்சியை வெட்டி நட்டால் லேசில் வேர் விடாது. ஆகவே வேறு ஜாதிகளோடு கலந்து புதிய வேர்ச்செடிகளை உண்டாக்கினார்கள். மன்சனுக்கு 1888-இல் பிரெஞ்சு அரசாங்கம் பதக்கம் கொடுத்தது.

அந்த மன்சனுக்கும் நமக்கும்கூட ஓர் உறவு உண்டு. அவர் தேர்ந்தெடுத்த காட்டுத் திராட்சைகளில் ஒன்றின் பெயர் டாக்ரிட்ஜ். இன்று நாசிக், சாங்லி, விஜயபுரம் பக்கங்களில் விதையில்லாத் திராட்சை பயிரிடுகிறவர்கள் முதலில் நடுவது அந்த டெக்ஸஸ் வேரைத்தான். பூச்சிக்குப் பயந்து அல்ல. உப்புத் தண்ணீரையும் வறட்சியையும் அது தாங்கும் என்பதற்காக. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையோ பெரும்பாலும் இன்னும் சொந்தக் காலில், இல்லை, சொந்த வேரில் நிற்கிறது.

மறுநாள் ஒரு நாற்றங்காலுக்குப் போனோம். பெரிய கொட்டகை. முழ நீளத்தில் வேர்ச்செடிக் குச்சிகள். அவற்றில் இருந்த கணுமொட்டுகளை எல்லாம் கிள்ளி எறிந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு மொட்டுள்ள மேல்குச்சியை அதன் தலையில் பொருத்துகிறார்கள். யந்திரத்தில் இரண்டையும் வைத்துக் காலால் ஒரு மிதி. சதுரங்கத் துண்டுகள் கோத்துக் கொள்வதுபோல் இரண்டும் கோத்துக் கொள்கின்றன. பிறகு மெழுகில் ஒரு முக்கு. சிவப்புத் தொப்பி வைத்தாற்போல் ஆகிவிடும். பெட்டிகளில் அடுக்கி, வெதுவெதுப்பான அறையில் சுமார் மூன்று வாரம் வைத்தால் காயம் ஆறி இரண்டும் ஒன்றாகின்றன. யந்திரம் வருவதற்கு முன்னால் இதையெல்லாம் கத்தியால் செய்தவர்கள் இந்தச் சீமைப் பெண்கள். வரிசையாக உட்கார்ந்து, பூத்தொடுக்கும் வேகத்தில் ஒட்டுப் போடுவார்களாம். பிரெஞ்சு தேசத்துத் தோட்டங்கள் மறுபடியும் தழைத்ததில் அந்தக் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களுக்கும் ஒரு சிலை வைத்திருக்கலாம்.

நாற்றங்கால்காரர் எங்களைப் பின்பக்கத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். இரண்டு வரிசைக் கொடிகளைக் காட்டி, "என்ன வித்தியாசம், சொல்லுங்கள்" என்றார். ஒன்று இடுப்புயரத்தில் அடக்கமாக, குலைகள் வெளியே தெரிய நின்றது. மற்றது கம்பிகளைத் தாண்டிக் காடாக மண்டியிருந்தது. இரண்டு ஜாதி என்று நினைத்தேன். ஜாதி ஒன்றே, இரண்டும் சிரா. மண் ஒன்றே, தண்ணீர் ஒன்றே, நட்ட வருஷமும் ஒன்றே. அடக்கமானதற்கு வேர், 'ரிப்பாரியா க்ளுவார்'. மண்டியதற்கு வேர், சிஸிலியில் உண்டாக்கிய '140 ருக்கேரி'.

"பிறந்த வீட்டுப் பழக்கம்!" என்றார் புதுச்சேரி அம்மாள். அவர் சொன்னது சாஸ்திரப்படியும் சரி. ரிப்பாரியா அமெரிக்க நதிக்கரைகளில் பிறந்தது. காலடியில் எப்போதும் ஈரம். ஆகவே அதன் வேர்கள் மெல்லியவை. மேலாகவே நாலா பக்கமும் ஓடும். ஆழமாகப் போய்த் தண்ணீர் தேட வேண்டிய கஷ்டத்தை அதன் முன்னோர் அறிந்ததில்லை. ருப்பெஸ்திரிஸ் என்ற மற்றொரு ஜாதி கல்லும் பாறையுமான ஓடைகளில் பிறந்தது. அதன் வேர் செங்குத்தாகக் கீழே பாயும். 140 ருக்கேரி, அந்த ருப்பெஸ்திரிஸுக்கும் சுண்ணாம்புக் குன்றின் பெர்லாந்தியேரிக்கும் பிறந்த குழந்தை. தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் கஷ்டம் பார்த்த குடும்பம்! கொஞ்சம் வசதியான மண் கிடைத்ததும் அது ஆளையே மறைக்கும்படி வளர்ந்து விடுகிறது.

வேரின் வடிவம் மட்டுமே காரணம் என்றால் கதை சுலபம். அப்படியில்லை. வேர் மேலே அனுப்புவது தண்ணீர் மாத்திரமல்ல. மண்ணிலுள்ள தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் மக்னீசியத்தையும் ஒவ்வொரு வேரும் ஒவ்வொரு அளவில் எடுக்கிறது. சில வேர்கள் தாராளம், சில வேர்கள் கருமி. தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களின் அகலத்திலும் வித்தியாசம் உண்டு. இவற்றோடு தபாலும் போகிறது. நுனிவேரில் சைட்டோகைனின் என்ற ஒரு பொருள் உண்டாகிறது. அது மேலே போய், "மொட்டே விழி, தளிரே வளர்" என்று சொல்லும். மண் காய்ந்தாலோ அப்ஸிஸிக் அமிலம் என்ற மற்றொரு பொருள் போய், "தண்ணீர் குறைகிறது, ஜன்னலைச் சாத்து" என்று இலைக்குச் சொல்லும். உடனே இலையிலுள்ள நுண்ணிய துளைகள் மூடிக்கொள்ளும். துளை மூடினால் ஈரம் மிஞ்சும். ஆனால் காற்றிலிருந்து உணவு தயாரிப்பதும் நின்றுபோகும், வளர்ச்சியும் நின்றுபோகும்.

மேலேயிருந்து கீழேயும் தபால் உண்டு. இலை சமைக்கும் சர்க்கரையில்தான் வேர் பிழைக்கிறது. துளிரில் உண்டாகும் ஆக்ஸின் கீழிறங்கி வேரின் வளர்ச்சியை நடத்துகிறது. ஆகவே மருமகள் கை ஓங்கியிருக்கும் வீடு என்று முழுக்கச் சொல்லிவிடவும் முடியாது. சமையலறை மாமியார் வசம். கிணறு மருமகள் வசம்.

போர்தோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கபர்னே சோவின்யோன் என்ற பிரெஞ்சு ஜாதிக்கும் ரிப்பாரியா க்ளுவாருக்கும் பிறந்த உடன்பிறப்புகள் பலவற்றை எடுத்துக் கொண்டார்கள். அவை ஒவ்வொன்றையும் வேராக வைத்து, எல்லாவற்றின் தலையிலும் ஒரே கபர்னேயை ஒட்டினார்கள். மேலே யாவும் ஒரே ஜாடை. கீழே ஒவ்வொன்றும் ஒரு தினுசு. பிறகு தண்ணீரைக் குறைத்துப் பார்த்தார்கள். இலை எவ்வளவு ஈரத்தை வெளியே விடுகிறது, வறட்சி வந்தால் எவ்வளவு சிக்கனமாகிறது என்பவற்றில் வேரின் ஜீன்களுக்கு ஆதிக்கம் இருப்பது தெரிந்தது. 2012-இல் இதை வெளியிட்டார்கள். வேர் ஒருவருடையது, இலை இன்னொருவருடையது. என்றாலும் இலையின் செலவுக் கணக்கில் வேரின் கை இருக்கிறது!

பெரிய வேர் என்றால் பெரிய கொடி என்று நானும் அவசரமாக எழுதிவிட்டிருப்பேன். 2018-இல் அதே போர்தோக்காரர்கள் அதையும் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள்: வேரின் பருமனையும் கிளைப்பையும் தீர்மானிக்கும் ஜீன்கள் வேறு, கொடியின் வளர்ச்சியைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் வேறு. வீரியத்துக்கு ஒரே ஒரு ஜீனைக் காட்டி "இதோ பார்" என்று சொல்லிவிட முடியாது. ஐம்பத்தைந்து வேர்ச்செடிகளையும் ஐந்து மேல்ஜாதிகளையும் ஜோடி மாற்றி ஜோடி மாற்றி ஒட்டி, 2015-இலிருந்து போர்தோ அருகே ஒரு தோட்டமே வளர்த்து வருகிறார்கள். எந்த ஜோடிக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதற்குத்தான். நம் ஜோசியர்கள் பத்துப் பொருத்தத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

வீரியம் அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். முருங்கையும் அவரையும் வைத்த வீட்டுக்காரிகள் கேட்க மாட்டார்கள். மதமதவென்று வளர்ந்து காய்க்காத கொடியை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். திராட்சையிலும் இலை மண்டினால் உள்ளே வெயில் படாது. அடுத்த வருஷத்துக்கான பூமொட்டு சரியாகத் திரளாது. பழம் நிறம் பிடிக்காது. ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். வீரியம் குறைந்தாலோ பழத்துக்குச் சோறு போட இலை போதாது. இதை அளக்க மொன்பெலியேயிலேயே ராவாஸ் என்ற புரொபஸர் ஒரு கணக்கு ஏற்படுத்தினார். அறுவடையில் பழத்தின் எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் கவாத்து செய்து வெட்டிய குச்சிகளையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். முந்தியதைப் பிந்தியதால் வகுத்தால் ஐந்துக்கும் பத்துக்கும் இடையில் வரலாம். அதற்குக் குறைந்தால் கொடி தனக்காகவே வாழ்கிறது என்று அர்த்தம். நிறுத்த குச்சிகளை இவர்கள் எறிந்துவிடுவதில்லை. இறைச்சி வாட்டுவதற்கு அதுதான் உசத்தியான விறகாம்.

வீரியத்தை மட்டும் நம்பிக் கெட்டவர்களும் உண்டு. அராமோன் என்பது லாங்குதோக் சமவெளிகளில் கொத்துக் கொத்தாய்க் காய்த்துத் தள்ளிய திராட்சை. பூச்சிக் காலத்துக்குப் பிறகு அதைச் செழிப்பான ஒட்டுகளில் ஏற்றிச் சமவெளியெங்கும் நட்டார்கள். ஒயின் வெள்ளமாகப் பெருகியது. சர்க்கரைத் தண்ணீர் கலந்த போலிச் சரக்கும், அல்ஜீரியாவிலிருந்து வந்த சரக்கும் சேர்ந்துகொண்டன. விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. 1907 ஜூன் 9-ஆம் தேதி இதே மொன்பெலியேயில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் திரண்டு, எங்களுக்குச் சோறில்லை என்று முழங்கினார்கள். சில நாளில் நார்போன் நகரத்தில் துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம்.

அந்த அராமோனையே ருப்பெஸ்திரிஸோடு கலந்து ஒரு வேர்ச்செடி செய்திருந்தார்கள். ஏ.எக்ஸ்.ஆர்.1 என்று பெயர். ஐரோப்பாவில் அது பூச்சிக்குத் தோற்றது. ஆனால் கலிபோர்னியாவில் அதன் வீரியத்தையும் விளைச்சலையும் கண்டு மயங்கினார்கள். நிபுணர்களே சிபாரிசு செய்ய, நாபா, சோனோமா பள்ளத்தாக்குகள் பூராவும் நட்டார்கள். 1983-இல் நாபாவில் அந்த வேரையே தின்று பெருகும் பிலாக்ஸரா வகை அகப்பட்டது. பிறகு தோட்டம் தோட்டமாகப் பிடுங்கி மறுபடி நட வேண்டி வந்தது. வேரில் பாதி ஐரோப்பிய ரத்தம். பூச்சி அதை மறக்கவில்லை.

சொந்த வேரிலேயே நிற்கும் திராட்சையையும் இந்தச் சீமையில் பார்க்கலாம். தோ என்ற காயலுக்கும் கடலுக்கும் நடுவே, மார்ஸெய்யான் கடற்கரை மணலில் ஒரு பண்ணை இருக்கிறது. மணலில் பிலாக்ஸராவால் நடமாட முடிவதில்லை. கல்லூரியில் 1876-இல் ஆரம்பித்த திராட்சைச் சேகரத்தை 1949-இல் அங்கே கொண்டுபோனார்கள். பல தேசங்களிலிருந்து வந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கொடிகள் அங்கே குடியிருக்கின்றன. கடல் நீர் உள்ளே புகும் ஆபத்தை எண்ணி, நார்போன் பக்கம் இடம் மாற்றத் தீர்மானித்தார்கள். பூச்சிக்குப் பயந்து மணலுக்கு வந்து, உப்புக்குப் பயந்து மணலை விட்டுப் போக வேண்டியிருக்கிறது.

கடைசி நாள் ஒரு குடியானவர் வீட்டுக்குப் போனோம். மொன்பெலியேக்கு வடகிழக்கே, வெரார்க் என்ற ஊரிலிருந்து அதிக தூரமில்லை. 2019 ஜூன் 28-ஆம் தேதி அந்த வெரார்க்கில் வெயில் 46 டிகிரி; பிரான்ஸ் தேசத்திலேயே அதுவரை யாரும் கண்டிராத உஷ்ணம். ஒரே பிற்பகலில் கொடிகள் நெருப்பால் வாட்டியதுபோல் கருகின. கிழவருக்கு அதைச் சொல்லும்போதே குரல் கம்மியது. "என் தகப்பனார் பூச்சியைப் பற்றிச் சொன்ன கதையை நான் நம்பியதில்லை, அன்றைக்கு நம்பினேன்" என்றார்.

பழைய கொடிகளை எடுத்துவிட்டு இரண்டு துண்டு நிலத்தில் புதிதாக நட வேண்டும். நாற்றங்காலுக்கு முன்கூட்டியே எழுதி அனுப்பினால்தான் ஒட்டுக் கன்று கிடைக்கும். நட்டால் முப்பது வருஷத்துக்கு மாற்ற முடியாது. வேரை மட்டும் பிடிக்கவில்லை என்று எடுத்துவிட வழியில்லை. கிழவர் இரண்டு துண்டிலும் 140 ருக்கேரியே என்றார். இனிமேல் வெயில் குறையப் போவதில்லை, வலுவான வேர்தான் தாங்கும் என்பது அவர் கட்சி. கல்லூரியில் படித்த மகன், மேட்டுக் கல்நிலத்துக்கு அது சரி, ஓடைக்கரைக் கீழ்நிலத்தில் அதை வைத்தால் இலையைத்தான் அறுவடை செய்யலாம் என்றான். பேச்சு வளர்ந்தது. புதுச்சேரி அம்மாள் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். மொழிபெயர்க்கத் தேவையுமில்லை, தகப்பனும் பிள்ளையும் சண்டை போடுவது எல்லா பாஷையிலும் புரிகிறது.

அப்போது மருமகள் உள்ளேயிருந்து ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். வீட்டுக் கணக்கும் தோட்டக் கணக்கும் அவள் பொறுப்பு. வருஷா வருஷம் பழ எடை ஒரு பத்தி; குளிர்காலக் குச்சி எடை ஒரு பத்தி. கீழ்நிலத்துப் பக்கத்தைத் திறந்து மாமனார் முன்னால் வைத்தாள். இப்போதிருக்கும் நடுத்தர வேரிலேயே ராவாஸ் கணக்கு ஐந்தைத் தொடாத வருஷங்கள் பல. வெயில் சுட்ட அந்த வருஷத்திலும் கீழ்நிலத்துக் கொடிகள் இலைநிழலில் பாதி தப்பியிருந்தன. மேட்டு நிலத்தில் குச்சி எடை வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்திருந்தது.

கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். கீழ்நிலத்து மண்ணில் சுண்ணாம்பு எவ்வளவு என்று கேட்டார். குறைவுதான், மண் பரிசோதனைக் காகிதம் அடுத்த பக்கத்தில் ஒட்டியிருக்கிறது என்றாள். அப்படியானால் '3309 கூதெர்க்' நிற்கும் என்று அவரே சொன்னார். ரிப்பாரியாவுக்கும் ருப்பெஸ்திரிஸுக்கும் பிறந்த நிதானமான வேர் அது. "ஆனால் நூறு கன்று மட்டும் ருக்கேரி, ஓரத்து வரிசையில். நான் சொன்னதும் பொய்யா என்று பார்த்துவிடுகிறேன்" என்றார்.

மகன் வாயைத் திறக்கப் போனான். மருமகள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நாற்றங்கால் படிவத்தில் இரண்டு வரிகளுக்குப் பதில் மூன்று வரிகளாக எழுதி, கிழவரிடம் கையெழுத்துக்கு நீட்டினாள்.